நாலாவது அவதாரத்தோடு நின்றுபோன கதை

சுரங்க வாயிலை ஒட்டி, தகரம் வேய்ந்த என் சின்ன அறையின் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். வேலைக்கு இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளைப் பில்லையை என்னிடம் வாங்கி மடியில் செருகிக்கொண்டு இரும்புக் கூண்டில் ஏறுவான். ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் பில்லையைத் திருப்பிக் கொடுப்பான். நான் ஆணியில் மாட்டுவேன். ஆணி காலியாக இருந்தால் ஆள் பூமிக்குள் இருக்கிறான். பில்லை தொங்கினால் ஆள் மேலே வந்துவிட்டான். இதில் ஒரு சூட்சுமமும் கிடையாது. என் உத்தியோகமே இவ்வளவுதான். இந்த இவ்வளவை ஒழுங்காகச் செய்திருந்தால், எழுபது வயதுக்கு மேல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை எழுத வேண்டி வந்திருக்காது.

கோலார் தங்கவயலுக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மின்சார விளக்கு இன்னும் வரவில்லை. தொப்பியின் முன்பக்கம் களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். எங்கள் சுரங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஸ்கெலட்டன் என்று பேர் விழுந்த இடத்துப் பக்கம் மூங்கில் தட்டிக் குடிசைகள் வரிசையாக நின்ற லைனில் நாங்கள் குடியிருந்தோம் என்பது போதும். எல்லாரும் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்து ஜனம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே கைவிரலில் அடங்குவார்கள். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் இங்கிலீஷும் இருந்ததால் ரைட்டர் வேலை கிடைத்தது. அதோடு கொஞ்சம் தலைக்கனமும் கிடைத்தது. எல்லாரும் என்னை ‘ரைட்டரே’ என்று கூப்பிடும்போது உள்ளுக்குள் எனக்குக் குளிரும்.

எங்கள் குடிசைக்கு இரண்டு குடிசை தள்ளி டிம்பர் மேஸ்திரி இருந்தார். உள்ளே கல்லைக் குடைந்துகொண்டே போனால் தலைக்கு மேல் இருக்கும் பாறை சும்மா நிற்குமா? அதற்கு மரத்தூண் நிறுத்தி முட்டுக் கொடுக்கிற கோஷ்டிக்கு அவர் தலைவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான ஆள், பெரிய குரல். நிறுத்திய தூணைக் கோடாலியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். ஆட்களையெல்லாம் முதலில் ஏற்றி அனுப்பிவிட்டு, எல்லாத் தூணையும் இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கடைசிக் கூண்டில் தனியாக வருவார். தோளில் நீளமான ரம்பம் ஒன்று இருக்கும். அதை யாரிடமும் கொடுக்க மாட்டார். “பெண்டாட்டிய கூட ஊருக்கு அனுப்பிடுவேன், இத்த அனுப்ப மாட்டேன்” என்பார். அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே, “அந்த ரம்பமே உனுக்கு சோறாக்கிப் போடட்டும்” என்று பதில் கொடுப்பாள். அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். கார்த்திகைக்கு அவள் வீட்டிலிருந்து பொரி உருண்டை வரும். எங்கள் வீட்டிலிருந்து அடை போகும்.

லைனின் கோடியில் தகரக் கொட்டகை ஒன்றைப் பஜனைக் கூடமாக வைத்திருந்தோம். அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. சனிக்கிழமைக்கு ஒன்றாகப் பெருமாளின் பத்து அவதாரத்தையும் கதையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கிற அர்த்தத்தையும் எடுத்துச் சொல்வது என்று. பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பங்கில் எட்டுப் பங்கு, நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், அவர்கள் வாயைப் பிளந்து கேட்க வேண்டும் என்கிற அரிப்புதான்.

முதல் சனி, மச்சாவதாரம். வெள்ளத்தில் முழுகிப்போன வேதத்தை மீனாகப் போய் எடுத்து வந்தார். அதாவது, மறந்துபோன நல்லறிவு ஆழத்தில் கிடக்கிறது, முழுகினவனுக்குத்தான் அது அகப்படும் என்று சொன்னேன். உடனே, உள்ளே ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்பு ஆட்கள் எழுந்து, “அப்போ இது எங்க சாமி!” என்று கூச்சல் போட்டார்கள். அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. இரண்டாம் சனி, ஆமை. பாற்கடலைக் கடையும்போது அமிழ்ந்த மலையை முதுகில் தாங்கினார்; அதாவது, எல்லாரும் மேலே நின்று இழுக்கும்போது கீழே ஒருவன் பொறுமையாகத் தாங்கினால்தான் காரியம் நடக்கும். டிம்பர் கோஷ்டி முழுக்கத் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தது. “மேஸ்திரி, நீ ஆமைடா!” என்று கூட்டம் கூவ, அவர் வெட்கத்தோடு கையைக் கூப்பினார். அவர் மனைவி மட்டும், “அண்ணா, அமுதம் வந்துச்சே, தாங்கினு இருந்த ஆமைக்கு ஒரு சொட்டாவது குடுத்தாங்களா?” என்று கேட்டாள். “பகவானுக்கு எதுக்கும்மா அமுதம்?” என்று சிரித்துச் சமாளித்தேன். கூட்டமும் சிரித்தது.

மூன்றாம் சனி, வராகம். சேற்றில் இறங்கப் பகவானே கூசவில்லை, பன்றி வேஷம் என்று பார்க்கவில்லை, முழுகிப்போன பூமாதேவியைத் தூக்கி வந்தார் என்றேன். கல் வாருகிறவர்கள் அதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். வரப்போகிற அவதாரங்களுக்கும் இப்போதே போட்டி நடந்தது. கோடாலி வைத்திருப்பதால் பரசுராமரும் தங்களுக்கே என்று டிம்பர் ஆட்கள் சொல்ல, “ஒரு கோஷ்டிக்கு ரெண்டு சாமியா, இன்னாய்யா அநியாயம்?” என்று சண்டை. கல்கி வெள்ளைக் குதிரையில் வருவார் என்றதும் ஒருவன், “நம்ம கேப்டன் துரை தெனம் அதுலதானே வர்றாரு” என்றான். சுரங்கத்தை மேற்பார்க்கிற வெள்ளைக்காரரைத்தான் சொன்னான்; கொட்டகையே அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை நேரத்தில்கூட அடுத்த சனிக்கிழமைப் பேச்சைத்தான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் என் தப்பைச் சொல்ல வேண்டும். ஷிப்டு முடிவது அந்தி நேரத்தில். ஆட்கள் கூண்டு கூண்டாக மேலே வர, ஒவ்வொருவரிடமும் பில்லை வாங்கி, எண் பார்த்து மாட்டி முடிக்க வெகுநேரம் ஆகும். பேச்சுக்குப் போகத் தாமதமாகிறதே என்று முதல் சனிக்கிழமையே நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கீழேயே எல்லாருடைய பில்லையையும் டிம்பர் மேஸ்திரி வாங்கி, காலி மெழுகுவர்த்தி டப்பாவில் போட்டு, முதல் கூண்டில் வருகிறவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். ஆட்கள் வந்து சேர்வதற்குள் நான் எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிடுவேன். அவர்களுக்கும் என் ஜன்னலில் காத்து நிற்கிற தொல்லை இல்லை. சட்டப்படி இது பெரிய குற்றம். ஆள் கீழே இருக்கும்போது பில்லை மேலே தொங்கக் கூடாது. மேஸ்திரி முதலில் தயங்கினார். “ரைட்டரே, உசிரை மொதல்ல அனுப்பிட்டு ஒடம்பு பின்னால வர்ற மாதிரி கீதே” என்று சிரித்தார். “சாமி காரியத்துக்குத்தானே மேஸ்திரி” என்றேன். சாமி காரியமாம்! அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் எனக்காகத்தான் ஒப்புக்கொண்டார்.

நாலாம் சனி, நரசிம்மாவதாரம். அதற்கு நான் விசேஷமாக ஏற்பாடு செய்திருந்தேன். இரணியன் வாங்கிய வரம் தெரியும் அல்லவா? மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது. பகலிலும் இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது. மண்ணிலும் வானிலும் கூடாது. வார்த்தையால் நாலு பக்கமும் சுவர் கட்டிக்கொண்டான். பகவான் பாதி மனிதன் பாதி சிங்கமாக, அந்தி வேளையில், வாசற்படியில், மடியில் போட்டுக் கொன்றார். மனிதன் எவ்வளவு சாமர்த்தியமாக வார்த்தையால் சுவர் எழுப்பினாலும், தர்மம் அதில் இருக்கிற சந்து வழியாக உள்ளே வந்துவிடும். இதுதான் நான் சொல்லவிருந்த அர்த்தம். நிஜமான அந்தி வெளிச்சம் கொட்டகைக்குள் விழுகிற அந்த நிமிஷத்தில் தூண் பிளக்கிற இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதனால் அன்றைக்குக் காலிலே வெந்நீர் கொட்டியவன் மாதிரி தவித்துக்கொண்டிருந்தேன்.

டப்பா வந்தது. எல்லாப் பில்லையையும் மாட்டினேன், மேஸ்திரியின் பில்லையையும்தான். ஆட்கள் வந்து இறங்கிப் போனார்கள். நான் அறையை ராத்திரி ரைட்டரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தபோது கடைசிக் கூண்டு மேலே வந்து நின்றது. சுரங்க வாயில் மேடையில் இருட்டு விழ ஆரம்பித்திருந்தது. கூண்டை ஏற்ற இறக்க எஞ்சின்காரனுக்கு மணியடித்துச் சொல்கிற மணிக்காரன், அடுத்த ஷிப்டு ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்த பக்கம் பார்த்துக்கொண்டே, “ரைட்டரே, எல்லாம் ஆச்சா?” என்று கேட்டான். அடுத்த ஷிப்டை ஏற்றுவதற்கு முன் காலிக் கூண்டை ஒரு தடவை இறக்கிப் பார்ப்பது வழக்கம். பலகை நிறைந்திருந்தது. நான் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆச்சு, ஆச்சு” என்றேன். அவன் மணியடித்தான். நீள ரம்பம் கூண்டின் கதவில் இடிக்கிறது என்று மேஸ்திரி பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை மட்டும் மேடையில் வைத்திருந்தார். கூண்டு இறங்கியது. அவர் குரல் எனக்குக் கேட்டது. என்ன ஆயிற்று என்பதை எழுத என் கை வரவில்லை. ஒரு கால் மேடையில், ஒரு கால் கூண்டில், பகலும் இல்லாத இரவும் இல்லாத வேளையில் அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை விசாரணை. கேப்டன் துரை இங்கிலீஷில் கேட்க, மணிக்காரனுக்குத் தமிழில் சொல்லி, அவன் பதிலை இங்கிலீஷில் திருப்பிச் சொல்லும் வேலையும் என்னுடையதே. எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையில் இருக்கும்போது செத்தவனின் பெண்சாதிக்கு மேலே கல் பொறுக்கும் வேலை கொடுப்பார்கள், குடிசையையும் விட்டுவைப்பார்கள். வேலை முடிந்த பிறகு சொந்தக் கவனக்குறைவால் செத்தால் ஒன்றும் இல்லை. குடிசையைக் காலி செய்ய வேண்டும். ஆகவே துரை கேட்டதெல்லாம் இதைத் தீர்மானிக்கத்தான். ஆள் ஷிப்டில் இருந்தானா, ஷிப்டு முடிந்துவிட்டதா? கூண்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பூமிக்குக் கீழேயா, மேலேயா? ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் கொட்டகையில் நான் சொல்லவிருந்த இரணியனின் வரம்தான் கேள்வியாகத் திரும்பி வந்தது. மணிக்காரன் நடந்ததைச் சொன்னான்: பலகை நிறைந்திருந்தது, ரைட்டரைக் கேட்டேன், மணியடித்தேன். துரை என்னைப் பார்த்தார். பலகையில் இந்த ஆளின் பில்லை முன்பே தொங்கியதே, எப்படி என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். வீட்டில் மூன்று குழந்தைகள். நான் சொன்னேன்: “ஷிப்டு முடிந்து வந்து பில்லையைக் கொடுத்துவிட்டார். பிறகு கூண்டில் மறந்துவிட்ட ரம்பத்தை எடுக்கத் திரும்பிப் போயிருக்க வேண்டும்.” ரம்பத்தை மறப்பாராம், அந்த மனுஷர்! இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. துரை எழுதிக்கொண்டார். பில்லை தொங்கினால் ஆள் வெளியே என்பது சட்டம். சட்டம் என்னைக் காப்பாற்றிவிட்டது. மணிக்காரனும் தப்பினான். டப்பா விஷயம் கோஷ்டியில் அத்தனை பேருக்கும் தெரியும். தாங்களும் பில்லைச் சட்டத்தை மீறியவர்கள் என்ற பயத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரணியன் கூடத் தன் உயிருக்குத்தான் வார்த்தையில் சுவர் கட்டினான். நான் செத்தவன் மேல் பழியைப் போட்டுக் கட்டினேன். சந்து வழியாக எந்தத் தர்மமும் வரவில்லை. எந்தத் தூணும் பிளக்கவில்லை. நான் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். நரசிம்மரும், வாமனரும், பரசுராமரும், ராமரும், பலராமரும், கிருஷ்ணரும், வரவிருக்கிற கல்கியும் என் வாயால் சொல்லப்படவே இல்லை. இப்போது மின்சார விளக்குப் போட்ட பெரிய கோயிலில் உற்சவம் நடக்கிறது. சின்னவர்கள் வந்து, “தாத்தா, ஒங்க காலத்துல நல்லா கதை சொல்வீங்களாமே, ஒருநாள் வாங்க” என்று கூப்பிடுகிறார்கள். முடியாது என்று சள்ளென்று விழுகிறேன். கிழவனுக்கு முன்கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும்.

விசாரணை முடிந்த வாரத்திலேயே குடிசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தத் தாளை எழுதியவனும் நான்தான். மேஸ்திரியின் மனைவி சாமான்களைக் கட்டினாள். பேத்தமங்களா ஏரிப் பக்கம் கழனி வேலை செய்யும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். போகிற அன்று காலையில், இடுப்பில் கைக்குழந்தையும் கையில் பெரிய மூட்டையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாள். பெரிய பெண் பானையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தது. என் மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள். உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் பார்த்தேன். முடியவில்லை, அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். மூட்டையைக் கீழே வைத்தாள். “அவரு எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. டப்பாவுல பில்லை மேல வர்றது மொத சனிக்கெழமையே எனக்குத் தெரியும். ரம்பத்த எடுக்க அவரு திரும்பிப் போவல, தோள் மேலதான் வச்சினு இருந்தாரு. தூக்கினு வந்தவங்க சொன்னாங்க.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீங்க இல்லாத நேரமா ஆபீசுல என்னையும் கூப்பிட்டு, ஒனக்கு எதுனா தெரியுமான்னு கேட்டாங்க. ஒண்ணியும் தெரியாதுன்னுட்டேன். சொல்லியிருந்தா உங்க வேலையும் பூடும். உங்க வூட்டுலயும் மூணு கீது. எங்க அடுப்பு அணைஞ்சது போதும்ணா, இன்னொண்ணு இன்னாத்துக்கு?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, கைக்குழந்தையை இடுப்பில் சரிப்படுத்திக்கொண்டு, “இத்த கொஞ்சம் தலையில தூக்கி வையுங்க” என்றாள்.

அந்த நிமிஷம் எனக்குள் என்ன வந்தது என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அழுகை வரவில்லை. அவள் காலில் விழத் தோன்றவில்லை. ‘இரும்மா, இப்போதே ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்கிறேன், குடிசையை விட்டுப் போகாதே’ என்று சொல்ல ஒரு வார்த்தை எழும்பவில்லை. ஆபீஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அப்பாடா, இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியோடு குனிந்து மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். “பார்த்துப் போம்மா” என்று வேறு சொன்னேன்.